தொண்டை கட்டிய நாளில் மைக் முன்னால்

2020 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்த நிர்மலா சீதாராமன், இரண்டு மணி நாற்பது நிமிடம் தாண்டிய பிறகு தடுமாறினார். நெற்றியில் வியர்வை. சக அமைச்சர்கள் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்கி இருந்தது இரண்டே பக்கம். கொஞ்சம் முயன்று பார்த்தவர், மீதியை வாசித்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அவையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தியாவில் அதுவரை வாசித்த பட்ஜெட் உரைகளிலேயே நீளமானது அது என்பதுதான் மறுநாள் பேச்சாக இருந்தது. எனக்கு அந்த வாசிக்காத இரண்டு பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. அதை வாசிக்காததால் பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.

அதற்கு ஆறு வருடம் முன்னால், 2014 ஜூலையில், அருண் ஜேட்லி தன் முதல் பட்ஜெட்டை வாசிக்கும்போது முதுகுவலி தாங்காமல் நடுவில் சில நிமிட இடைவேளை கேட்டார். அப்புறம் உட்கார்ந்தபடியே வாசித்து முடித்தார். நிதியமைச்சர் நின்றுகொண்டுதான் வாசிப்பார் என்பது பழக்கம். சபாநாயகர் அனுமதித்தால் அது மாறும், அவ்வளவுதான்.

உடம்பு முடியாத நாளில் பேச வேண்டியவருக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். பேச்சின் நீளத்தை மாற்றலாம், நிற்பதை மாற்றலாம், மைக்கை மாற்றலாம், வாசிக்கும் ஆளையே மாற்றலாம். குரலை மட்டும் அடித்து வேலை வாங்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது நேர் எதிர். மற்ற எல்லாம் அப்படியே இருக்கும். தொண்டையை மட்டும் வதைப்பார்கள்.

இதற்கு நம் மேடைப் பழக்கமும் ஒரு காரணம். காய்ச்சலோடு வந்து மூன்று மணி நேரம் பேசினார் என்பது இங்கே ஒரு பாராட்டு. பெரியாரின் கடைசிப் பேச்சைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1973 டிசம்பர் 19, சென்னை தியாகராய நகர். வயது 94. வலி வந்தபோது ‘அம்மா, அம்மா’ என்று அரற்றிவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. ஐந்து நாளில், டிசம்பர் 24 அன்று, இறந்துபோனார். மன உறுதி என்று இதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த உறுதிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகளையும் பார்க்க வேண்டும். கடைசி வருடங்களில் அவர் உட்கார்ந்துதான் பேசினார். சிறுநீர்க் குழாய் பொருத்தி, அதை மறைக்காமல் கூடவே வைத்துக்கொண்டார். பயணத்துக்குத் தனி வேன், எப்போதும் பக்கத்தில் உதவிக்கு ஆள். மேடை நாகரிகம் என்று மற்றவர்கள் தயங்குகிற எதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. அந்தக் கவலையின்மைதான் அவரை 94 வயதிலும் ஊர் ஊராகப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

அண்ணா 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர். டிசம்பர் 1 அன்று சென்னையில் நடந்த ‘தமிழ்நாடு’ பெயர்மாற்ற விழாவில் தளர்ந்த உடலோடு வந்து பேசினார். இரண்டு மாதத்தில், 1969 பிப்ரவரி 3 அன்று, மறைந்தார். எம்.ஜி.ஆர். கதை இன்னும் வேறு. 1967 ஜனவரியில் தொண்டையில் குண்டு பாய்ந்த பிறகு அவர் குரல் பழையபடி திரும்பவே இல்லை. அந்தக் குரலோடுதான் பத்து வருடம் நடித்தார், கட்சி தொடங்கினார், முதல்வரும் ஆனார். 1984 தேர்தலில் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் வீடியோவாக எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் கூடப் பேசாமல் ஜெயித்த பிரசாரம் அது. இதைப் பேச்சாளர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். கூட்டம் வருவது குரலின் கணீர் ஒலிக்காக மட்டும் இல்லை.

சரி, நாமெல்லாம் எம்.ஜி.ஆர். இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டிமன்றம், அல்லது கல்லூரியில் கருத்தரங்கு, அல்லது ஐந்து பீரியட் தொடர்ந்து வகுப்பு. இன்று மாலை தொண்டை கட்டிவிட்டது. உள்ளே என்னதான் நடக்கிறது?

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள மென்மையான மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்க, அவை மறுபடி மூடிக்கொள்ள, அந்த அதிர்வுதான் குரல். ஆண் குரலில் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண் குரலில் இருநூறு தடவை அளவில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. ஒரு மணி நேரம் பேசினால் மோதல் கணக்கு லட்சத்தைத் தாண்டிவிடும். பெண் ஆசிரியர்களுக்குக் குரல் பிரச்சினை அதிகம் வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சளி பிடித்தால் இந்த மடிப்புகள் வீங்குகின்றன. வீங்கியது கனக்கும், கனத்தது மெதுவாக அதிரும். அதனால்தான் சளி நாளில் குரல் கட்டையாக இறங்குகிறது. இறுகிப்போன மடிப்பை அதிர வைக்க அதிகக் காற்றழுத்தமும் வேண்டும். ஓரங்கள் ஒழுங்காகப் பொருந்தாததால் காற்று கசிந்து கரகரப்பு வருகிறது. இந்த நிலையில் வழக்கமான உயரத்தில், வழக்கமான சத்தத்தில் பேசியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கழுத்துத் தசைகள் எல்லாம் இறுகி நெருக்குகின்றன. வீக்கம் கூடுகிறது. சில நேரம் நாணில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துபோகும். அப்படி ஆனால் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் உடனே மருத்துவரிடம் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி கைவைத்தியம். இதில் நம் வீடுகளில் ஞானம் நிறைய உண்டு, கூடவே ஒரு குழப்பமும் உண்டு. நாம் குடிக்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. மூடாமல் ஒரு சொட்டு உள்ளே போனால் புரையேறி உயிர் போய் உயிர் வரும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும் தொண்டையின் பின்சுவரோடு நின்றுவிடுகிறது. அங்கே வலி இருந்தால் இதம் கிடைக்கும், கரகரப்பு அதனால் போகாது. மிளகு, மஞ்சள், பனங்கற்கண்டு போட்ட சூடான பால், சுக்குக் கஷாயம், தேன் எல்லாம் இருமலை அடக்கவும் தொண்டை எரிச்சலைத் தணிக்கவும் உதவும். தூங்கவும் வைக்கும், அதுவே பெரிய மருந்து. அதிமதுரம் வாயில் எச்சில் ஊற வைப்பதால் வறட்சிக்கு நல்லது. ஆனால் பிரஷர் உள்ளவர்கள் அதை நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கக் கூடாது. அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

குரல் நாண் வரை நேராகப் போகக்கூடியது நாம் உள்ளே இழுக்கும் காற்று மட்டுமே. ஆவி பிடிப்பதன் பலன் அங்கேதான் இருக்கிறது. வெறும் வெந்நீர் ஆவியே போதும். தைலம் கலந்தால் ஜில்லென்று இருக்கும், சிலருக்கு அதுவே தொண்டையை உலர்த்தி எரிச்சலாக்கும். குடிக்கும் தண்ணீர் குடலில் சேர்ந்து ரத்தம் வழியாகத்தான் தொண்டைக்கு வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மேடைக்குப் போகும் முன் மடமடவென்று ஒரு பாட்டில் குடிப்பதில் பெரிய லாபம் இல்லை. நடுவில் எழுந்து போக வேண்டி வரும், அவ்வளவுதான். முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பலன் தருவது பேசாமல் இருப்பது. மாலை கூட்டம் என்றால் காலையிலிருந்து வாயை மூடிக்கொள்வது. போனில் பேசாமல், காரில் நண்பர்களோடு அரட்டை அடிக்காமல், முக்கியமாக ‘குரல் வருதா பார்ப்போம்’ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை செருமிப் பார்க்காமல் இருப்பது. செருமல் என்பது இரண்டு வீங்கிய மடிப்புகளை வேண்டுமென்றே அறைவது. எச்சிலை விழுங்கினாலோ ஒரு வாய் தண்ணீர் குடித்தாலோ அந்த உறுத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும். குரலை மிச்சப்படுத்துவதாக நினைத்துக் கிசுகிசுப்பவர்களும் உண்டு. பலருக்குக் கிசுகிசுப்பில் தொண்டை இன்னும் இறுகுகிறது. மெல்லிய இயல்பான குரலே அதைவிட மேல்.

மாத்திரைகள் விஷயத்தில் எச்சரிக்கை அதிகம் வேண்டும். தொண்டைக் கட்டு பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும் ‘நாளைக்கு மேடை இருக்கு, ஏதாவது ஸ்ட்ராங்கா கொடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோம். சளி மாத்திரைகளில் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. மூக்கு ஒழுகுவதை நிறுத்துவது போலவே அது வாயையும் தொண்டையையும் காய வைக்கும். பேச்சாளருக்குத் தூக்கக் கலக்கமும் வறண்ட நாக்கும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகள் நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும், பிரஷரையும் ஏற்றலாம். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுப்பதால், வீங்கிய நாணோடு கத்திப் பேசப்போகிறவர் வலிக்காக அதை எடுப்பது ஆபத்து. இதய நோய்க்காக மருத்துவர் கொடுத்தது என்றால் தானாக நிறுத்தவும் கூடாது. ஸ்டீராய்டு ஊசி சில மணி நேரத்தில் வீக்கத்தை வடிய வைக்கும். பாடகர்கள் அதை நாடுவதும் உண்டு. வீக்கம்தான் வடியும், நோய் அங்கேயே இருக்கும். வலி தெரியாததால் ஆள் இன்னும் உரக்கப் பாடுவார். நாணை நேரில் பார்த்த ஈ.என்.டி. மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

இருமல் தனிப் பிரச்சினை. 2017 அக்டோபர் 4, மான்செஸ்டர் நகரில் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில் பிரிட்டன் பிரதமர் தெரசா மே பேசியதை உலகமே பார்த்தது. சளியோடு வந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் எழுந்து ஒரு தொண்டை மிட்டாய் கொடுத்தார். நிதியமைச்சர் இலவசமாக ஒன்றைக் கொடுக்கிறார் என்று மே கேலி செய்தார். இதற்கிடையில் ஒரு குறும்புக்காரர் மேடை வரை வந்து வேலைநீக்கப் படிவத்தை நீட்டினார். பின்னால் சுவரில் ஒட்டியிருந்த முழக்கத்திலிருந்து எழுத்துகள் வேறு உதிர்ந்தன. அன்றைய உரையில் அவர் அறிவித்த கொள்கைகள் எதுவும் யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கூத்தில் கவனிக்க வேண்டியது கைதட்டல். அவரால் பேச முடியாதபோதெல்லாம் அமைச்சர்களும் கூட்டத்தினரும் எழுந்து நின்று நீளமாகக் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் குடித்து மூச்சை ஒழுங்கு செய்துகொண்டார். மிட்டாய் செய்யாததை அது செய்தது. ஏனென்றால் இருமலைத் தூண்டுவது வேகமாக வாய் வழியே இழுக்கும் உலர்ந்த காற்று. பேசுகிறவர் வாக்கியத்துக்கு இடையில் அதைத்தான் செய்கிறார். நிறுத்தி, மூக்கு வழியே மெதுவாக மூச்சிழுத்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் அந்தச் சுழல் அறுபடும். மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டே பேசுவது உச்சரிப்பையும் கெடுக்கும், தொண்டைக்குள் போய்ச் சிக்கவும் கூடும். ஆகவே உரையில் பார்வையாளரைக் கேள்வி கேட்கும் இடம், படம் காட்டும் இடம், வேறொருவர் ஒரு பத்தியை வாசிக்கும் இடம் என்று மூச்சுவிட வசதி செய்து வைத்துக்கொள்வது நல்லது. நம் மேடைகளில் பொன்னாடை போர்த்துகிற சடங்கையே நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவையாவது அது பயன்படட்டும்.

மைக் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். எட்டியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை விளக்கியிருக்கிறார். தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்துவது கோபத்தால் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க, மேடையில் அவர் குரல் அவருக்கே கேட்பதில்லை. மைக் செட்காரரிடம் ஐந்து நிமிடம் முன்னால் போய், மேடையைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் திருப்பி வைக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி ஆறு டெசிபல் அளவு கூடும். குரல் ஒன்றும் கூட்டாமல் கிடைக்கிற லாபம். சளிக் குரல் எங்கே தானாக வருகிறதோ அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே பேசலாம். கூட்டம் ஐந்து நிமிடத்தில் அதற்குப் பழகிவிடும். பள்ளி ஆசிரியர்கள் சிலர் இடுப்பில் கட்டும் சின்ன மைக் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டி மாதிரி இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தொண்டையை விட்டு மற்ற நோய்களுக்கு வந்தால், மேடையில் அதிகம் ஏமாற்றுவது சர்க்கரை. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் எட்டு மணிக்குப் பேச வேண்டும் என்று சாப்பிடாமல் காத்திருக்கிறார். வாழ்த்துரைகள் நீண்டு அவர் முறை வர ஒன்பதரை ஆகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சொல் மறக்கிறது. அவரும் மேடைப் பயம் என்று நினைக்கிறார், பார்ப்பவர்களும் அப்படியே. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலும் பாய்வது அட்ரினலின் என்ற ஹார்மோன். பல வருடம் மேடை கண்டவருக்குத் திடீரென்று கை நடுங்கினால் லோ சுகரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரை, இல்லாவிட்டால் இனிப்பு மிட்டாய், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குத் தகவல்: இவ்வளவு போதும். இதே அட்ரினலின் சளிக்காரருக்கு ஒரு சின்ன உதவியும் செய்கிறது. மூக்குக்குள் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், மேடை ஏறியதும் மூக்கடைப்பு மாயமாகிவிடும். இறங்கி அரை மணி நேரத்தில் வட்டியோடு திரும்பும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், காய்ச்சலில் தண்ணீர் வற்றியவர் எல்லாம் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றால் ரத்தம் கீழே தங்கி மயக்கம் வரும். நாற்காலி கேட்பதில் என்ன வெட்கம்? 1945 மார்ச் 1 அன்று யால்டா மாநாட்டிலிருந்து திரும்பிய அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், காங்கிரஸ் கூட்டத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து பேசினார். 1921-இல் போலியோ தாக்கியதிலிருந்து அவர் இரும்புச் சட்டங்களைக் கால்களில் மாட்டிக்கொண்டு நின்றே பேசிவந்தவர். கால்களில் பத்து பவுண்டு இரும்பைச் சுமப்பதைவிட இது எனக்கு எளிது, மன்னியுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கால் பற்றி வெளிப்படையாக அவர் பேசியதே அபூர்வம். அடுத்த மாதமே இறந்துபோன மனிதர், அன்று ஒரு வாக்கியத்தில் நிலைமையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போனார். அந்த அளவுதான் சரி. பத்து நிமிடம் மருத்துவ அறிக்கை வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் கூட்டம் பேச்சைக் கேட்காது, எப்போது இருமுவார் என்றே பார்த்துக்கொண்டிருக்கும்.

வேறொருவரை வாசிக்கச் சொல்வதும் பழைய வழிதான். 1850 மார்ச் 4 அன்று அமெரிக்க செனட்டில் ஜான் கல்ஹூன், காசநோய் முற்றிய நிலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் எழுதிய உரையை ஜேம்ஸ் மேசன் என்ற இன்னொரு செனட்டர் வாசித்தார். அடிமை முறையை ஆதரித்த அந்த உரையின் கருத்து வேறு விஷயம். வரலாற்றில் அது கல்ஹூனின் பேச்சாகத்தான் நிற்கிறது, மேசனின் பேச்சாக இல்லை. முழுதாக எழுதி வைத்திருந்தால் மட்டுமே இந்த வழி திறக்கும். குறிப்புச் சீட்டில் நான்கு சொல் மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்கள், உடம்பு முடியாத வாரத்தில் மட்டுமாவது பேச்சை முழுக்க எழுதிவிட வேண்டும்.

நோய் என்று சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடலாம். பழங்காலக் கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரின் பெரும் பேச்சாளன் டெமாஸ்தனிஸ், அலெக்சாண்டரின் பொக்கிஷப் பொறுப்பாளனாக இருந்த ஹர்பாலஸிடம் லஞ்சப் பணம் வாங்கிக்கொண்டான் என்ற பேச்சு வந்தபோது, கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு குரல் போய்விட்டது என்று சபையில் சைகை செய்தானாம். இது தொண்டை வீக்கம் இல்லை, வெள்ளி வீக்கம் என்று ஊர்க்காரர்கள் கிண்டல் செய்ததாக அவன் வாழ்க்கையை எழுதிய புளூடார்க் சொல்கிறார்.

போகவே கூடாத நாளும் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற மாவட்டத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்த 61 பேரில் ஒருவருக்குச் சளி அறிகுறி. அங்கிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா பரவியதாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தனர். உரக்கப் பேசுவதும் பாடுவதும் சும்மா மூச்சுவிடுவதைவிடப் பல மடங்கு நுண்துளிகளை வெளியே தள்ளுகின்றன. காய்ச்சலோடு மூடிய அரங்கில் பேச வருகிறவரின் கடமை உணர்ச்சிக்கு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். இப்போது வீட்டிலிருந்தே திரையில் பேச முடியும். இல்லாவிட்டால் தேதியைத் தள்ளி வைக்கலாம். அமைப்பாளர்கள் நோட்டீஸ் அடித்துவிட்டோம் என்பார்கள். அடித்திருப்பார்கள்தான்.

கடைசியாகக் கரகரப்பின் காலக்கெடு. சாதாரணத் தொண்டைக் கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் ஈ.என்.டி. மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய கேமராவை விட்டு நாணைப் பார்ப்பார். சில நிமிட வேலை. புகை பிடிப்பவர், புகையிலை போடுபவர், விழுங்கும்போது வலிப்பவர், கழுத்தில் கட்டி தெரிபவர், சளியில் ரத்தம் பார்ப்பவர் அந்த மூன்று வாரத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. நாணில் வரும் புற்றுநோய்க்கு முதல் அறிகுறி பெரும்பாலும் குரல் மாற்றம்தான், அதனால் அதைச் சீக்கிரமே பிடித்துக் குணப்படுத்திவிட முடிகிறது. மேடை மேடையாகப் பேசி அலைகிறவர்கள்தான் ‘எனக்கு எப்பவும் இப்படித்தான்’ என்று சொல்லி அந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.